டியூஷன் போயும் கணக்கும் இங்கிலீஷும் தேறவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் முறை

ஜூன் மாதம் டியூஷனில் சேர்க்கிறார்கள். காலாண்டில் மார்க் வரவில்லை. அரையாண்டு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு டியூஷனுக்கு மாற்றுகிறார்கள். புது டீச்சர், பள்ளியில் அன்றைக்கு நடந்த பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறார். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் மூன்றாவது முறையாக நடக்கிறது. பையனுக்குத் தகராறு இருப்பதோ நான்காம் வகுப்பு வகுத்தலில்.

கணக்கிலும் இங்கிலீஷிலும் கோளாறு ஒரு வகுப்பில் இருக்கும், வெளியே தெரிவது நாலைந்து வகுப்பு தள்ளித்தான். வரலாற்றுப் பாடம் ஒன்று புரியாமல் போனால் அடுத்த பாடத்தைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். இந்த இரண்டிலும் அந்த வசதி இல்லை. அதனால் பாடத்தைத் திரும்ப நடத்துவதற்கு முன்னால் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தேட வேண்டும். வீட்டில் டியூஷன் எடுப்பவர்களுக்கும், பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார முடிகிற பெற்றோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் நம் மாநிலப் பாடத்திட்டத்தை ஒட்டியவை. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் கோளாறுகள் இவையேதான்.

முதலில் எடுக்க வேண்டியது: பழைய விடைத்தாளும் ரஃப் நோட்டும்

ரேங்க் கார்டு எதையும் சொல்லாது. 42 மார்க் வாங்கிய இரண்டு பிள்ளைகளின் தாளை அருகருகே வைத்தால் இரண்டும் வேறு வேறு நோயாக இருக்கும். விடைத்தாளில் தப்பான விடைகளை மட்டும் பாருங்கள். விட்டுப்போன கேள்விகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விட்டதற்கும் தப்பாகப் போட்டதற்கும் மருந்து வேறு. ரஃப் நோட் கிடைத்தால் இன்னும் நல்லது. அழித்து அழித்து எழுதிய இடங்களில்தான் விஷயம் இருக்கும். ஃபேர் நோட் பெரும்பாலும் போர்டைப் பார்த்து எழுதியது, அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் பிள்ளையை உட்கார வைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கஷ்டம். டீச்சர்களுக்கு ரொம்பவே கஷ்டம்.

அறிகுறி: "எல்லாம் தெரியும் சார், கவனக்குறைவுதான்"

பெற்றோர் அதிகம் சொல்வது இதைத்தான், பிள்ளைகளும் இதையே சொல்லப் பழகியிருப்பார்கள். கவனக்குறைவு என்று ஒன்று உண்டுதான். ஆனால் அது இங்கொன்று அங்கொன்றாகச் சிதறி இருக்கும். ஒரே மாதிரித் தப்பு மூன்று இடத்தில் இருந்தால் அது கவனக்குறைவு இல்லை. பிள்ளை மனத்தில் ஒரு தப்பான விதி உட்கார்ந்திருக்கிறது, அதை மிகுந்த கவனத்தோடு கடைப்பிடிக்கிறது.

சோதனைக்குக் கீழே உள்ள கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கும் இதையே கொடுங்கள். "இது சின்னப் பிள்ளைங்க கணக்கு" என்று முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

503 − 178. விடை 325. பிள்ளை 475 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது: 8-இல் 3 போனால் 5, 7-இல் 0 போனால் 7, 5-இல் 1 போனால் 4. கடன் வாங்குவது புரியவில்லை, அதிலும் நடுவில் பூஜ்யம் வந்தால் சுத்தமாகப் புரியவில்லை. மேலே கோடு போட்டு 9 எழுதும் சடங்கைத் திரும்பச் சொல்லித் தருவதில் பயன் இல்லை. ஐந்து நூறு ரூபாய்த் தாளும் மூன்று ஒரு ரூபாய்க் காசும் கையில் கொடுத்து, 178 ரூபாய் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாகவும், அதில் ஒரு பத்தைச் சில்லறையாகவும் மாற்றாமல் தர முடியாது. அந்த மாற்றத்தைக் கையால் செய்த பிறகு தாளில் எழுதட்டும்.

618 ÷ 6. விடை 103. பிள்ளை 13 என்று எழுதினால் நடுவில் வர வேண்டிய பூஜ்யத்தை விழுங்கியிருக்கிறது. இதற்கு மருந்து மதிப்பிடுவது. "600 ரூபாயை 6 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு?" என்று முதலில் கேட்டுவிட்டால் 13 என்ற விடை கண்ணை உறுத்தும். கணக்குப் போடுவதற்கு முன்னால் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று சொல்லும் பழக்கம் நம் வகுப்பறைகளில் அவ்வளவாக இல்லை. டியூஷனில் சேர்க்க வேண்டிய முதல் பழக்கம் அது என்று நினைக்கிறேன்.

8 + 4 = □ + 5. விடை 7. ஏழாவது, எட்டாவது பிள்ளைகள்கூட யோசிக்காமல் 12 என்று எழுதுவார்கள். சமக்குறி என்றால் 'இங்கே விடையை எழுது' என்று அர்த்தம் ஆகிவிட்டது. இரு பக்கமும் சமம் என்பது பதியாத பிள்ளைக்குச் சமன்பாடு எப்படிப் புரியும்?

0.5 பெரியதா, 0.35 பெரியதா? 35 பெரிய எண்ணாயிற்றே என்று 0.35-ஐச் சொன்னால், புள்ளிக்குப் பிறகு வருவதை முழு எண்ணாகப் படிக்கிறது. ஐம்பது பைசா, முப்பத்தைந்து பைசா என்று சொன்னால் பெரும்பாலும் உடனே சரியாகிவிடும். இந்தப் பட்டியலில் சீக்கிரம் குணமாகும் ஒன்று இதுதான்.

1/2 + 1/3. விடை 5/6. மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டி 2/5 என்று எழுதினால், திருத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாய். 2/5 அரையைவிடப் பெரியதா, சின்னதா?" அந்தக் கேள்விக்கே பதில் தெரியவில்லை என்றால் பின்னம் என்பது பிள்ளைக்கு ஓர் எண்ணாகவே இன்னும் ஆகவில்லை, கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற இரண்டு எண்கள்தான். காகிதத்தை மடித்துக் காட்டுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பத்தாவது மாணவனாக இருந்தாலும்தான்.

−5 − 3. விடை −8. இதற்கு +8 என்று எழுதும் பிள்ளைகள் எந்த பேட்ச்சிலும் உண்டு. காரணம் நாமேதான். "மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ்" என்று பாட்டாகச் சொல்லித் தருகிறோம். நாளாக ஆக 'இன்டு' உதிர்ந்து "மைனஸ் மைனஸ் பிளஸ்" மட்டும் நிற்கிறது. பெருக்கலுக்கான விதி கூட்டலில் நுழைந்துவிடுகிறது. கடனை வைத்துக் கேளுங்கள்: 5 ரூபாய் கடன் இருக்கிறது, இன்னொரு 3 ரூபாய் கடன் வாங்குகிறாய், கையில் 8 ரூபாய் இருக்குமா? சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். ஆனால் ஒரு நாள் சிரித்தால் போதாது. குறைந்தது இரண்டு வாரம் தினமும் ஐந்து கணக்கு, கூட்டலும் பெருக்கலும் கலந்து கொடுங்கள்.

3 எக்ஸ் = 12. எக்ஸ் 9 என்று எழுதினால் இதன் அண்ணன் தம்பி விதி வேலை செய்கிறது: "அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஆகும்." 3 அந்தப் பக்கம் போனது, மைனஸ் 3 ஆனது, 12-இல் 3 போனால் 9. குறுக்குவழியாகச் சொல்லித் தந்தவர்கள் எந்தச் சூழலில் செல்லும் என்பதைச் சொல்லவில்லை. சமன்பாட்டில் கொஞ்ச காலத்துக்கு 'அந்தப் பக்கம் கொண்டுபோவது' என்ற பேச்சையே நிறுத்துங்கள். இரு பக்கமும் ஒரே வேலையைச் செய் என்று மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு விடையையும் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3 பெருக்கல் 9, 27. 12 எங்கே?

(3 + 4)². 9-ஐயும் 16-ஐயும் கூட்டி 25 என்று வந்தால், ஒன்பதாம் வகுப்பு முற்றொருமைகள் எல்லாம் மனப்பாடமாகத்தான் நிற்கின்றன. எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்: 7-இன் வர்க்கம் 49, இங்கே 25 வருகிறதே, மீதி 24 எங்கிருந்து வர வேண்டும்? 7-க்கு 7 கட்டம் வரைந்து பார்த்தால் அந்த 24 இரண்டு 3 × 4 செவ்வகமாக அங்கே உட்கார்ந்திருக்கும்.

இந்தச் சின்னத் தாளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களின் கோளாறு பிடிபட்டுவிடும். எல்லாம் சரியாக இருந்து தேர்வில் மட்டும் தப்பு வந்தால்தான் கவனக்குறைவு, அவசரம், கையெழுத்து என்று யோசிக்க வேண்டும். கையெழுத்தும் விளையாடும். தன்னுடைய 1-ஐத் தானே 7 என்று படித்து மார்க் இழக்கும் பிள்ளைகள் உண்டு.

அறிகுறி: டியூஷனில் போடுகிறாள், பரீட்சையில் கை ஓடவில்லை

பயம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டியூஷனில் எப்படிப் போடுகிறாள் என்று பாருங்கள். ஒரு மாதிரிக் கணக்கு நடத்துகிறீர்கள், அதே வகையில் பத்துக் கணக்கு கொடுக்கிறீர்கள், பத்தும் சரி. அதில் கடைசி ஒன்பதும் எண்ணை மாற்றி எழுதும் வேலைதான். பரீட்சையில் வரும் கணக்கின் தலையில் 'பயிற்சி 3.5' என்று எழுதியிருக்காது. இது எந்த வகை என்று கண்டுபிடிப்பதே பாதிக் கணக்கு. அதை மட்டும் நாம் பழக்குவதில்லை.

சோதனை: நடத்தி முடித்து ஒரு வாரம் ஆன நான்கைந்து பாடங்களிலிருந்து பாடத்துக்கொரு கணக்கை எடுத்து, தலைப்பில்லாமல் கலந்து கொடுங்கள். போடச் சொல்ல வேண்டாம். எந்தப் பாடம், முதல் வரி என்ன என்று மட்டும் கேளுங்கள். அங்கே தடுமாறினால் நோய் இதுதான். வாரத்தில் ஒரு நாள் முழுவதையும் கலவைக் கணக்குக்கு ஒதுக்குங்கள். முதல் சில வாரம் டியூஷன் டெஸ்ட் மார்க் இறங்கும், பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு காரணம் நம் வாய். "ம்ம்… அப்புறம்?", "மைனஸ் என்ன ஆகும்?", "பார்த்துப் போடு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பேனாவைத் தூக்கிக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும் பிள்ளையைக் கவனித்திருப்பீர்கள். முகத்தில் விடையைப் படிக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது இருபது நிமிஷம் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுங்கள்.

அறிகுறி: சூத்திரம் தெரியும், வாக்கியக் கணக்கு வராது

முதலில் இங்கிலீஷ் மீடியம் பிள்ளையா என்று பாருங்கள். ஆம் என்றால் அதே கணக்கைத் தமிழில் வாயால் சொல்லிப் பாருங்கள். உடனே போட்டுவிட்டால் கணக்கில் கோளாறே இல்லை, வாசிப்பில்தான் கோளாறு. கணக்கு டியூஷனில் எத்தனை மணி நேரம் கூட்டினாலும் இது தீராது. ஒன்பது, பத்து வரை கூட இது யார் கண்ணிலும் படாமல் போகும், ஏனென்றால் கணக்கு டீச்சர் இங்கிலீஷைப் பார்ப்பதில்லை, இங்கிலீஷ் டீச்சர் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

தமிழில் சொன்னாலும் வரவில்லையா? அப்படியானால் இதைக் கேளுங்கள்: "கவிதாவிடம் 12 பென்சில் இருக்கிறது. அது மாலாவிடம் இருப்பதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை?" 17 என்று வந்தால், 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிட்டது. 'அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, ஒவ்வொருவருக்கும் என்றால் வகு' என்று யாரோ ஒரு பட்டியல் தந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்று முதலில் சொல்லட்டும், இரண்டு கோடு நீளமாகவும் குட்டையாகவும் வரையட்டும், எண் கடைசியில் வரட்டும்.

மேல் வகுப்பில் இதே கோளாறு படத்தில் தெரியும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் இறக்கக்கோணத்தைக் கோபுரத்துக்கும் பார்வைக்கோட்டுக்கும் நடுவில் குறிப்பார்கள். கண் மட்டத்தில் கிடைக்கோடு ஒன்று வரைந்து, அதிலிருந்து கீழ்நோக்கி அளக்க வேண்டும். 20√3 மீட்டர் உயரக் கோபுரம், இறக்கக்கோணம் 30° என்றால் தூரம் 60 மீட்டர். கோணத்தை மாற்றிக் குறித்தவருக்கு 20 மீட்டர் வரும். மற்ற எல்லாப் படியும் சரியாக இருக்கும், அதனால் பிள்ளைக்குத் தப்பு எங்கே என்றே தெரியாது. மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், நேராகப் பார்க்கச் சொல்லி, அப்புறம் தெருவில் நிற்கும் வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். தலை எவ்வளவு குனிந்ததோ அதுதான் இறக்கக்கோணம்.

அறிகுறி: வாய்ப்பாடு மறந்துபோகிறது

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 6, 7, 8 வாய்ப்பாடுகளில்தான் பெரும்பாலும் ஓட்டை. வரிசையாக ஒப்பித்தால் வரும், "ஏழெட்டு எத்தனை?" என்று நடுவில் கேட்டால் முதலிலிருந்து ஓடி வரும். அதனால் வரிசையாக ஒப்பிக்க விடாமல் கலந்து கேளுங்கள், தினமும் மூன்று நிமிஷம். தண்டனையாக ஐம்பது தடவை எழுதச் சொன்னால் கைதான் வலிக்கும்.

அறிகுறி: பத்தாவது, ஜனவரி ஆகிவிட்டது, பாஸ் ஆவானா என்றே தெரியவில்லை

இப்போது அடிவாரத்திலிருந்து கட்ட நேரம் இல்லை. கோளாறு எங்கே என்று தெரிந்தாலும் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் வினாத்தாளிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

கணக்குத் தாள் 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் கேள்வி 14-இல் 10 எழுத வேண்டும், ஐந்து மார்க்கிலும் அதே மாதிரி 14-இல் 10. இரண்டு பகுதியிலும் கடைசிக் கேள்வி கட்டாயம், அதாவது 28-ஆவதும் 42-ஆவதும். அப்புறம் எட்டு மார்க்கில் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம், இரண்டிலும் 'அல்லது' உண்டு. பாஸ் மார்க் 35.

எட்டு மார்க் இரண்டும் சேர்ந்தால் 16. இவற்றில் யோசனை குறைவு, கைப்பழக்கம் அதிகம். வடிவொத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்த முக்கோணம் என்று வகைகள் கொஞ்சம்தான். தினமும் ஒன்று வரைந்தால் பரீட்சைக்குள் கை பழகிவிடும். உதவிப்படத்தையும் வரைபடத்தில் அளவுத்திட்டத்தையும் எழுதாமல் விடும் வழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்துங்கள், கையில் கிடைக்கிற மார்க்கை அங்கேதான் கொட்டுகிறார்கள். ஒரு மார்க்கில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையும் பழைய தாள்களையும் போட்டுப் பார்க்கலாம். விடையை மனப்பாடம் செய்யாமல் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டால், எண்ணை மாற்றிக் கேட்டாலும் தாக்குப்பிடிக்கும். மீதிக்குக் கணமும் சார்பும், புள்ளியியல், நிகழ்தகவு, அளவியல் இவற்றில் நேரடியாக வரும் இரண்டு மார்க், ஐந்து மார்க் கணக்குகள். இயற்கணிதம் முழுவதையும் பிடிக்கப் போனால் கையில் இருப்பதும் போகும்.

தெரியாத கணக்காக இருந்தாலும் சூத்திரத்தையும் கொடுத்த விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. வெறும் தாளுக்கு யாராலும் மார்க் போட முடியாது.

பாஸ் ஆனால் சரி, விஷயம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். பதினொன்றில் காமர்ஸ் எடுத்தாலும் சதவீதமும் மைனஸும் பின்னாலேயே வரும். மேலே சொன்ன சின்னத் தாளை ஏப்ரல், மே விடுமுறையில் எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை இல்லாத அந்த இரண்டு மாதம்தான் அஸ்திவாரம் பார்க்க நல்ல காலம், அப்போதுதான் டியூஷனையும் நிறுத்தி வைக்கிறோம்.

அறிகுறி: இங்கிலீஷில் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு சொல்லைச் சொல்கிறான்

பாடப்புத்தகத்தை வாங்கி ஓரங்களைப் பாருங்கள். ஆங்கில வரிக்கு மேலே பென்சிலில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருக்கிறதா? இருந்தால் பிள்ளை ஆங்கிலத்தை வாசிக்கவில்லை, அந்தப் பென்சில் தமிழைத்தான் வாசிக்கிறது. மனப்பாடப் பாடல் எல்லாம் இப்படித்தான் தேறியிருக்கும்.

உறுதி செய்துகொள்ள, அர்த்தமே இல்லாத சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்: ஸ்லிம்ப், ட்ரோஷ், விக்னாப் என்கிற மாதிரி. பார்த்த சொல் என்றால் நினைவிலிருந்து சொல்லிவிடுவான். இதைச் சொல்ல ஒலி தெரிந்திருக்க வேண்டும். இதில் திணறினால், எட்டாவது படித்தாலும் வாசிப்பு ஒன்றாம் வகுப்பில் நிற்கிறது. இலக்கணத்தை மூட்டை கட்டி வையுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழில் எழுத்தின் பெயரே ஏறக்குறைய அதன் ஒலி. அம்மா என்பதை எழுத்துக்கூட்டினால் அம்மா வந்துவிடும். ஆங்கிலத்தில் எச், டபிள்யூ என்று எழுத்தின் பெயரைக் கூட்டினால் எந்தச் சொல்லும் வராது. ஆகவே எழுத்தின் பெயரைக் கொஞ்ச நாள் மறக்கச் சொல்லி, ஒலியை மட்டும் சொல்லித் தர வேண்டும். முதலில் மூன்றெழுத்துச் சொற்கள். அப்புறம் ஷ, ச, த போன்ற ஒலி தரும் ஜோடி எழுத்துகள். அதற்கப்புறம் கடைசியில் 'இ' எழுத்து வந்து நடு உயிரை மாற்றும் வகை: ஹாப் என்பது ஹோப் ஆவது, பின் என்பது பைன் ஆவது. ஸ்டேஷன், நேஷன் என்று 'ஷன்' ஒலியில் முடிபவற்றை ஒரு கட்டாகக் கொடுத்துவிடலாம். 'கட்' மாதிரி எழுதிவிட்டு 'புட்' என்று சொல்ல வேண்டிய அடங்காப்பிடாரிகளைக் கடைசியில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: தமிழ் எழுத்தில் எழுதினால் குண்டூசியும் பின்தான், குப்பைத்தொட்டியும் பின்தான். க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் இந்தக் கதை உண்டு. சொல்லும்போது தொண்டை அதிர்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கச் சொன்னால் வித்தியாசம் பிடிபடும். இதனால்தான் பென்சில் தமிழை முதல் நாளே அழித்துவிட வேண்டும் என்கிறேன். முதல் வாரம் பிள்ளைக்கு ரொம்பத் தவிப்பாக இருக்கும்.

ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்துப் பிடித்தால் இது வராது.

அறிகுறி: கடகடவென்று வாசிக்கிறாள், என்ன வாசித்தாள் என்று தெரியாது

புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் கேளுங்கள்: யார் வந்தார், என்ன ஆச்சு? தமிழில் கேட்பது முக்கியம். ஆங்கிலத்தில் கேட்டால், புரியவில்லையா அல்லது புரிந்தும் பதில் சொல்லத் தெரியவில்லையா என்று பிரிக்க முடியாது. புரியவில்லை என்றால் அவளுடைய பாடப்புத்தகம் அவளுக்கு மிகக் கடினம். இரண்டு மூன்று வகுப்பு குறைவான கதைப்புத்தகம் கொடுங்கள், ஒரு பக்கத்துக்கு நாலைந்து புதுச் சொல்லுக்கு மேல் இருக்கக் கூடாது. வெட்கப்படுவாள் என்றால் பழைய பாடப்புத்தகம் என்று தெரியாதபடி அட்டை போட்டுக் கொடுங்கள்.

அறிகுறி: கட்டுரை ஒப்பிக்கிறான், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வராது

கைடில் இருக்கும் கட்டுரையை இரண்டு பக்கம் பிசகாமல் எழுதுவான். "நேற்று சாயங்காலம் என்ன செய்தாய், மூன்று வரி எழுது" என்றால் முழிப்பான். கட்டுரையிலும் ஒரு சோதனை உண்டு: நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டால் அதற்கு மேல் எழுத முடியாமல் நின்றுவிடுவான். விளம்பரம், அறிவிப்பு, கடிதம், படத்தைப் பார்த்து எழுதுவது என்று பொதுத்தேர்வில் சொந்தமாக எழுத வேண்டிய கேள்விகள் ஐந்து மார்க் பகுதியில் நிறைய இருப்பதால், மனப்பாடத்தால் ஓரளவுக்கு மேல் போக முடியாது.

தினமும் மூன்று வாக்கியம், அன்றைக்கு நடந்ததைப் பற்றி. அவ்வளவுதான். திருத்தும்போது எல்லாத் தப்பையும் சிவப்பில் வட்டம் போடாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தப்பை மட்டும் பிடியுங்கள். எதைப் பிடிப்பது? தமிழிலிருந்து வருவதை முதலில் பிடியுங்கள். வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பது. 'அவன்', 'அவள்' வந்தால் வினையில் சேர வேண்டிய 'எஸ்' விட்டுப்போவது: ஷி கோ, ஹி ஈட். 'எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்' என்பதில் 'எனக்கு' எப்படி 'ஐ' ஆகும் என்ற திகைப்பு. 'டிட் யு வென்ட்' என்று இறந்தகாலத்தை இரண்டு முறை போடுவது. 'ஏ', 'தி' இரண்டும் கடைசியாகத்தான் வரும், ஏனென்றால் அதற்கு நேரான பழக்கம் நம்மிடம் இல்லை. அதை முதல் மாதத்திலேயே பிடித்து உயிரை வாங்க வேண்டாம்.

பேச வரவில்லை என்பவர்களுக்கும் இதே வழிதான். எழுதிய மூன்று வரியைப் புத்தகம் பார்க்காமல் சொல்லட்டும். ஸ்போக்கன் இங்கிலீஷுக்குத் தனியாகப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு.

அறிகுறி: டியூஷன் என்றாலே வயிற்றுவலி

பாடத்தைத் தேடுவதற்கு முன்னால் உடம்பைத் தேடுங்கள். கண் பரிசோதனை செய்தாயிற்றா? போர்டில் 3-ஐ 8 என்று எழுதிவரும் பிள்ளைக்குக் கணக்கு டீச்சர் என்ன செய்ய முடியும்? காலை ஸ்பெஷல் கிளாஸ், மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஏழு மணிக்கு டியூஷன், ஒன்பதரைக்குச் சாப்பாடு என்றால் கோளாறு கால அட்டவணையில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளைக் குறைத்தால் மார்க் ஏறும் பிள்ளைகள் உண்டு. இதைச் சொன்னால் எந்தப் பெற்றோரும் முதலில் நம்புவதில்லை.

சொல்லித் தந்தது எல்லாம் வாயால் கேட்டால் தெரிகிறது, எழுத்தும் வாசிப்பும் மட்டும் ஆண்டுக்கணக்கில் நகரவில்லை, எழுத்துகள் இடம் மாறுகின்றன என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். அதை டியூஷன் டீச்சர் முடிவு செய்யக் கூடாது. உரிய நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்கென்றே இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழ் வாங்க நாளாகும் என்பதால் பத்தாம் வகுப்புக்குக் காத்திருக்கக் கூடாது.

அறிகுறி: பிள்ளையிடம் ஒன்றும் இல்லை, டியூஷனில்தான் இருக்கிறது

ஒரு ஹாலில் ஆறாவது முதல் பத்தாவது வரை இருபத்தைந்து பேர், எல்லாருக்கும் ஹோம்வொர்க் முடித்து அனுப்புவது. இது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம். அம்மா அப்பா வேலைக்குப் போகிற வீட்டுக்கு அதுவும் தேவைதான். ஆனால் அங்கே கோளாறு சரியாகும் என்று எதிர்பார்க்க முடியாது.

பள்ளியில் பாடம் எடுப்பவரே, தன்னிடம் டியூஷன் வந்தால்தான் ஆகும் என்கிற மாதிரி பேசுகிறாரா? கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 28-ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. சண்டைக்குப் போக வேண்டாம் என்றாலும், இது தெரிந்திருந்தால் மறுக்கத் தைரியம் வரும். பெரிய கோச்சிங் சென்டர் என்றால், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

டியூஷனை மாற்றுவதற்கு முன்னால், இப்போதைய டீச்சரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவனுக்கு என்ன வரவில்லை?" "கவனம் போதாது, இன்னும் பிராக்டிஸ் வேண்டும்" என்பது பதில் இல்லை. "மைனஸ் எண்ணைக் கூட்டும்போது தப்புகிறான், பின்னத்தில் கீழெண் வேறாக இருந்தால் தப்புகிறான், அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் மார்க் குறைவாக இருந்தாலும் அங்கேயே விடுங்கள். ஆறு வாரம் கழித்து அதே சின்னத் தாளை எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பழைய தப்பு அப்படியே இருந்தால் அப்போது மாற்றலாம். மாற்றும்போது அந்த இரண்டு தாள்களையும் புது டீச்சர் கையில் கொடுத்துவிடுங்கள்.